எண்ணெயைப் பிரிக்கும் ‘மக்கும் மெம்பிரேன்’: எண்ணூரைக் காப்பாற்றியிருக்குமா?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடியத் தொடங்கியபோது, எண்ணூர் முகத்துவாரத்தில் கறுப்பாக எண்ணெய் படிந்து கிடந்தது. படகு, வலை, அலையாத்தி மரங்களின் வேர் என எதையும் அது விட்டுவைக்கவில்லை. மீனவர்கள் வாளியோடு இறங்கி எண்ணெயை அள்ளிய படங்களை நம்மில் பலர் போனில் பார்த்திருப்போம்.

கழிவுநீரில் கலந்த எண்ணெயைப் பிரிக்க, மக்கும் தன்மையுள்ள மெம்பிரேன்களை உருவாக்கும் ஆய்வுகள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. இது அடுத்த எண்ணூரைத் தடுக்குமா?

எண்ணெய்தான் மிதக்குமே, பிரிப்பதில் என்ன கஷ்டம்?

மிதக்கும் எண்ணெய் பெரிய தலைவலி இல்லை. ஆலைகளில் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி, மேலே வருவதை வழித்து எடுத்துவிடுவார்கள். அடுத்து காற்றுக் குமிழிகளை விட்டுச் சின்னத் துளிகளையும் மேலே கொண்டுவருவார்கள். சிக்கலே 20 மைக்ரானுக்கும் குறைவான துளிகளில்தான். பாலில் கொழுப்பு கலந்து நிற்பதுபோல அவை நீரிலேயே நிற்கும், லேசில் பிரியாது. ஆனால் நம் நாட்டு விதிப்படி, சுத்திகரிப்பு ஆலை வெளியேற்றும் ஒரு லிட்டர் நீரில் எண்ணெய், கிரீஸ் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மெம்பிரேன் என்ன செய்யும்?

வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருப்பதும் மெம்பிரேன்தான். எண்ணெய்க்கான மெம்பிரேனில் துளைகள் அதைவிடப் பெரியவை. துளையின் அளவு மட்டுமல்ல, பரப்பின் குணமும் இங்கே முக்கியம். மீன் செதிள் தன்மேல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், தண்ணீருக்குள் எண்ணெய் அதில் ஒட்டாது. இதே உத்தியில், நீரை ஈர்க்கும் ஜெல் பூசிய கம்பிவலையை 2011இல் சீன ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். தண்ணீர் கீழே இறங்கிவிடும், எண்ணெய் மேலேயே நின்றுவிடும்.

இன்று ஆலைகளில் உள்ள பாலிமர் மெம்பிரேன்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக். ஆயுள் முடிந்தால் குப்பைதான். இதற்கு மாற்றாகச் சோதிக்கப்படுபவை: தாவரங்களில் உள்ள செல்லுலோஸ், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், சோளம் போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. முதல் இரண்டுக்கும் நீரை ஈர்க்கும் குணம் இயல்பிலேயே உண்டு.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

அங்கதான் ட்விஸ்ட். முதலாவது, பிறகு மக்க வேண்டிய பொருள் வேலை பார்க்கும்போதே கெட்டுப்போகலாம். அடைப்பு எடுக்க காரம், குளோரின் கொண்டு கழுவினால், செல்லுலோஸ் அசிடேட் போன்றவை சேதமாகும். இரண்டாவது, பி.எல்.ஏ. நன்றாக மக்க 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமுள்ள உரக்கூடம் வேண்டும். கடலில் போட்டால் சீக்கிரம் மக்காது. மூன்றாவது, எண்ணெயில் ஊறிய ஃபில்டரை உரக்குழியில் போடவே முடியாது, அது அபாயகரக் கழிவு. ஆக, ‘மக்கும்’ என்ற லேபிளைவிட, எத்தனை மாதம் உழைக்கும், எங்கே மக்கும், உள்ளே சிக்கிய எண்ணெயை என்ன செய்வார்கள் என்பதே முக்கியம்.

எண்ணூரில் உதவியிருக்குமா?

நீரில் மிதந்த அந்தக் கெட்டி எண்ணெய்க்கு உதவியிருக்காது. உடனே அடைத்துக்கொள்ளும். அங்கே தேவைப்பட்டவை மிதவைத் தடுப்புகளும் எண்ணெயை வழித்தெடுக்கும் இயந்திரங்களும்தான். மெம்பிரேனின் இடம் ஆலைக்குள், சுத்திகரிப்பின் கடைசிக் கட்டத்தில்.

ஆனால் 2023இல் எண்ணெய் அந்த வழியாக வெளியேறவில்லை. மணலி சிபிசிஎல் வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லாததே காரணம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்றது நிறுவனம். எப்படிப் பார்த்தாலும், வெள்ளத்தோடு போன எண்ணெய் எந்த ஃபில்டரையும் கடந்து போகவில்லை.

புதிய மெம்பிரேன் வரட்டும், நல்லதுதான். அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பெருமழை பெய்தால், ஆலை வளாகத்து மழைநீரைத் தேக்கிச் சுத்தம் செய்யாமல் வெளியே விடாத அளவுக்கு அங்கே இடம் இருக்கிறதா? எண்ணூர் மீனவர்களுக்கு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் தெரிய வேண்டிய பதில் அது.