அறிவியல் அரங்கம்: அணைந்தாலும் மீளும் பாலம்

சென்ற திங்களில் ஒரு ஞாயிறு காலை, நம் சங்கத்தின் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகள் வந்து அமர்ந்திருந்தனர். இணைய வழியே பாடம் நடத்தும் ஆசிரியரும் சென்னையில் காத்திருந்தார். ஆயின், திரையில் அவர் முகம் தோன்றவேயில்லை. முன்னிரவு மின்சாரம் நின்று மீண்டதே காரணம் என்பதை நாம் பிற்பகலில்தான் உணர்ந்தோம்.

நம் நூலகத்து லினக்ஸ் கணினியில் இரண்டு ஈதர்நெட் அட்டைகள் உள்ளன. ஒன்று ரவுட்டரோடும், மற்றொன்று வகுப்பறைக் கணினியோடும் கம்பியால் பிணைந்துள்ளது. இவ்விரண்டையும் ஒரே வலையாக்குவதே ‘பிரிட்ஜ்’ எனப்படும் பாலம். எக்கருவி எப்பக்கம் உள்ளது என்பதைத் தானே அறிந்து, செய்தியை அப்பக்கம் செலுத்துவது அதன் பணி.

அன்பர் ஒருவர் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இப்பாலத்தை அமைத்துத் தந்தார். பின்னர் மாற்றலாகி வேற்றூர் சென்றார். கட்டளையால் மட்டும் எழுந்த பாலம், கணினி அணைந்ததும் மறைந்துவிடும். தொடக்கத்தில் படிக்கப்படும் கோப்பில் எழுதி வைத்தாலோ, கணினி விழிக்கும்போதெல்லாம் பாலமும் எழும். டெபியன் வகைக் கணினிகளில் ‘இன்டர்ஃபேசஸ்’ என்னும் கோப்பில் இதனை எழுதலாம். ‘பிரிட்ஜ்-யூட்டில்ஸ்’ தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுதல் வேண்டும்.

எழுதுவோர் கருத்தில் கொள்ளத்தக்கவை சில. பாலத்தை முதலில் படைத்து, அதன்பின் அட்டைகளை அதனோடு சேர்க்க வேண்டும். ஐ.பி. முகவரியைப் பாலத்திற்கே அளிக்க வேண்டும், அட்டைகளுக்கு அன்று. கம்பியில்லா வைஃபை அட்டைகள் பெரும்பாலும் பாலத்தில் சேர இசையா. இரு முனைகளும் வேறொரு வழியாகவும் இணைந்துவிட்டால் செய்திகள் ஓயாது சுழன்று வலை முடங்கும். இதனைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985இல் வகுத்த ‘ஸ்பானிங் ட்ரீ’ முறை லினக்ஸிலும் உண்டு. அதனை இயக்கினால், பாலம் எழுந்தபின் செய்தி செல்ல வழக்கமாக 30 விநாடிகள் ஆகும்; பழுதென்று அஞ்ச வேண்டா.

எழுதி முடித்ததும் கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்த்தல் நலம். நாமும் அவ்வாறே செய்தோம். மறுவாரம் வகுப்பு தடையின்றி நடைபெற்றது. கோப்பின் படியொன்றைத் தாளில் எழுதி நூலகப் பேழையில் வைத்துள்ளோம். மாற்றல் உத்தரவு நம்மில் எவருக்கும் வரலாம். பிள்ளைகளின் பாடம் அதனால் நிற்றல் ஆகாது.