எரின் பிலிப்ஸ்

எரின் பிலிப்ஸ் (பிறப்பு: மே 19, 1985) ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து, கூடைப்பந்து ஆகிய இரண்டிலும் தொழில்முறையில் ஆடிய முன்னாள் ஆஸ்திரேலிய வீராங்கனை ஆவார். 2017இல் தொடங்கிய ஆஸ்திரேலிய மகளிர் காற்பந்துக் கூட்டிணைவின் முதல் தொடரிலேயே சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். 2019இல் மீண்டும் அவ்விருதை வென்றார். 2017, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்ற அடிலெயிட் குரோஸ் அணியில் இடம்பெற்றிருந்தார். இக்கூட்டிணைவில் முதன்முறையாகக் களமிறங்கியபோது இவருக்கு வயது 31. பெண்களுக்கான தேசியத் தொழில்முறைத் தொடர் அதற்கு முன் இருக்கவில்லை.

இளமையும் கூடைப்பந்தும்

இவரது தந்தை கிரெக் பிலிப்ஸ் போர்ட் அடிலெயிட் கழகத்துக்காக எட்டு வாகைப் பட்டங்களை வென்ற தற்காப்பு ஆட்டக்காரர். எரின் 13 வயது வரை சிறுவர்களுடன் சேர்ந்து காற்பந்து ஆடினார். அதன்பின் விதிகள் அதற்கு இடம் தராததால் கூடைப்பந்துக்கு மாறினார். விருப்பம் மாறியதால் நிகழ்ந்த மாற்றம் அன்று இது. ஆயினும் அத்துறையிலும் உச்சத்தைத் தொட்டார்: 2006 உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலிய அணியிலும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியிலும் ஆடினார். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் இந்தியானா (2012), பீனிக்ஸ் (2014) அணிகளுடன் கோப்பை வென்றார்.

காற்பந்துக்குத் திரும்புதல்

புதிய கூட்டிணைவு எட்டு அணிகளுடன் தொடங்கியது. தந்தையின் கழகமான போர்ட் அடிலெயிட்டுக்கு அப்போது மகளிர் அணி இல்லை. ஆகவே அந்நகரின் பரம எதிரியான அடிலெயிட் குரோஸ் அணியில் சேர்ந்து, செல்சி ராண்டலுடன் இணைத்தலைவராகப் பொறுப்பேற்றார்.

முதல் இறுதியாட்டம் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் நடக்க வேண்டியது. பாடகி அடெலின் இசை நிகழ்ச்சிக்குப் பின் அங்கு தரை கெட்டுப்போனதால் ஆட்டம் கோல்ட் கோஸ்டுக்கு மாற்றப்பட்டது. மகளிர் ஆட்டத்துக்கு அந்நாளில் இருந்த முன்னுரிமைக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடிலெயிட் 35–29 என வென்றது. இவ்விளையாட்டில் ஒரு கோலுக்கு 6 புள்ளிகள். நடுக் கம்பங்களுக்கு வெளியே, ஓரக் கம்பங்களுக்கு உள்ளே சென்றால் 1 புள்ளி. இரு அணிகளும் தலா நான்கு கோல்களே அடித்ததால், அந்த ஒற்றைப் புள்ளிகளே ஆட்டத்தைத் தீர்மானித்தன. ஆட்டத்தின் சிறந்த வீராங்கனையாகப் பிலிப்ஸ் தெரிவானார்.

மார்ச் 31, 2019 அன்று அடிலெயிட் ஓவலில் கார்ல்ட்டனுக்கு எதிராக நடந்த இறுதியாட்டத்தை 53,034 பேர் கண்டனர். நுழைவு இலவசம் என்றாலும், பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வரமாட்டார்கள் என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது எனலாம். மூன்றாம் கால்பகுதியில் பிலிப்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. தூக்குப்படுக்கையில் அவர் வெளியேறியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தை முடிக்காதபோதும் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே கிடைத்தது.

ஊதியம்

2017இல் பெரும்பாலான வீராங்கனைகளுக்கு ஒரு தொடருக்கு ஏறத்தாழ 8,500 ஆஸ்திரேலிய டாலரும், முதன்மை வீராங்கனைகளுக்கு 27,000 டாலரும் வழங்கப்பட்டன. வேறு வேலை இல்லாமல் இதைக்கொண்டு வாழ இயலாது. தொழில்முறை என்ற சொல் அன்று பெயரளவிலேயே பொருந்தியது. 2023இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி சராசரி ஊதியம் அவ்வாண்டில் ஏறத்தாழ 60,000 டாலராக உயர்ந்தது; 2027இல் இது 82,000 டாலராக வேண்டும். எனினும் பிலிப்ஸ் அவ்வாண்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டதால் இவ்வுயர்வின் பயன் பெரும்பாலும் அடுத்த தலைமுறையையே சேரும்.

போர்ட் அடிலெயிட்

2022 ஆகஸ்டில் கூட்டிணைவு 18 அணிகளாக விரிந்தபோது போர்ட் அடிலெயிட்டும் இடம்பெற்றது. பிலிப்ஸ் 37 வயதில் அதன் முதல் தலைவியானார். புதிய அணிக்குச் சில வெற்றிகளே கிட்டின. கிரெக் 2020இல் ஆஸ்திரேலியக் காற்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். மகள் 2025இல் அதே மன்றத்தில் இடம்பெற்றார்.