கராச்சியின் நான்கு பெண்கள்

ஆசிம் அப்பாசி இயக்கி 2020இல் இணையவழி வெளிவந்த ‘சுரைல்ஸ்’ என்ற உருதுத் தொடரில், கராச்சி நகரத்து வழக்கறிஞர் ஒருத்தி, கல்யாண ஏற்பாட்டாளர் ஒருத்தி, குத்துச்சண்டை பழகும் இளம்பெண் ஒருத்தி, கணவனைக் கொன்று சிறைவாசம் முடித்தவள் ஒருத்தி ஆகிய நால்வரும், புர்கா விற்கும் கடையின் மறைவில், மனைவியரை வஞ்சிக்கும் கணவன்மாரைத் துப்பறியத் தொடங்குகிறார்கள். கண்ணீரையும் சகிப்பையுமே ஸ்திரீ தர்மமாகப் போற்றிவந்த தொலைக்காட்சி நாடக சம்பிரதாயத்துக்கு இது நேர் விரோதமானது. இதன் மகிமையோ, பழிவாங்கும் சாகசத்தைவிட, மாளிகைவாசியும் சேரிவாசியும் ஒரே அநீதியை அனுபவித்தாலும் அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றல்ல என்று தயக்கமின்றிச் சொல்வதில் விளங்குகிறது. ஆண்களின் இச்சைக்கு இணங்கியே உத்தியோகத்தில் உயர்ந்ததாக ஒரு பாத்திரம் கூறும் காட்சி கண்டனத்துக்கு உள்ளாகி, அவ்வாண்டே தொடர் பாகிஸ்தானில் சிறிது காலம் தடைபட்டது. அவமானத்தை இழைத்தவனை விட்டுவிட்டு, அதை எடுத்துரைத்தவளின் நாவைக் கட்டுவது எந்த நாட்டிலும் ஒழுக்கத்தின் ரக்ஷணை ஆகாது.