வாட்சில் விளக்கைப் போடலாம்... மோட்டாரைப் போடலாமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு வீட்டிலேயே பட்டுத்தறி. வாலாஜாபாத் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலமும், கிணறும், 5 குதிரைத்திறன் மோட்டாரும் இருக்கின்றன. பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் ஒரு கைக்கடிகாரத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏதோ எழுதி அதில் ஏற்றினான். இப்போது அந்த வாட்சைத் தொட்டால் தறிக்கு மேலே தொங்கும் விளக்கு எரிகிறது, அணைகிறது. ‘இதையே வைத்து வயல் மோட்டாரையும் வீட்டிலிருந்தே போட்டுவிடலாம், தாத்தா ராத்திரியில் போக வேண்டாம்’ என்கிறான். எழுபது வயது மாமனார் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் போவதைப் பார்த்தால் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. செய்யச் சொல்லலாமா?’’

- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பதில்: முதலில் தம்பிக்கு ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். விளக்கு விஷயத்தில் அவர் இஷ்டத்துக்கு விடலாம். மோட்டார் விஷயத்தில் அந்த வாட்சும் வேண்டாம், அவர் வீட்டில் செய்த சின்ன போர்டும் வேண்டாம். அதற்கென்றே கருவி இருக்கிறது, அரசு மானியமும் இருக்கிறது. ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீளமான பதில்.

அந்த வாட்சுக்குள் இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் ஒரு ரேடியோவும். இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2010-ஐ ஒட்டியே ‘குரோனோஸ்’ என்ற பெயரில், நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய ரேடியோ கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. பொத்தான் பேட்டரியில் ஓடும் அந்த வாட்சை வைத்து வீட்டு விளக்கை எரியவைத்துப் பார்த்தவர்கள் பல நாடுகளில் உண்டு. இப்போது சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் வைஃபை சிப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் பாலிடெக்னிக் பிள்ளைகள் எல்லாம் செய்கிறார்கள். வாட்ச் ஒரு செய்தி அனுப்புகிறது. விளக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப் அதை வாங்கி, ‘ரிலே’ என்ற சின்ன மின்காந்த சுவிட்சைத் தட்டுகிறது. அவ்வளவுதான்.

குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இது வசதிதான். குழியில் காலை விட்டு, கையில் நாடாவோடு இருப்பவர் விளக்கைப் போட எழுந்தால் கோர்வையில் கவனம் போய்விடும். ஆனால், உங்கள் வீடு தறி வீடு என்பதால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஜரிகை. காஞ்சிபுரத்து அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அதாவது, மின்சாரம் பாயும் பொருள். 230 வோல்ட் வரும் ரிலே போர்டைத் திறந்தபடி தறிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால், அறுந்த ஜரிகைத் துண்டு ஒன்று போதும் விபத்துக்கு. போர்டை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, சுவரில் உயரமாக அடிக்கச் சொல்லுங்கள். ரிலே பேஸ் கம்பியைத்தான் துண்டிக்க வேண்டும். நியூட்ரலைத் துண்டித்தால், விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் உயிர் இருக்கும். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் கம்பியே வந்திருக்காது. இந்த வைஃபை கருவிகளுக்கோ அது தேவை. அதற்காக எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தும் குறுக்கு வழியைச் சில பிள்ளைகள் செய்கிறார்கள். அது கூடவே கூடாது. வயர்மேனைக் கூப்பிட்டுப் புதிதாக ஒரு கம்பி இழுங்கள். வீட்டு மெயினில் மின்கசிவு தடுப்பான் இல்லையென்றால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். ‘30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி’ என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

இரண்டு, நிறம். வாட்சில் தொட்டால் மஞ்சள், நீலம், ரோஸ் என்று மாறும் பல்புகளைத் தறிக்கு மேலே போடாதீர்கள். உடலுக்கும் கரைக்கும் நூல் சேர்க்கும்போது அந்த வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற அரக்கு, பகல் வெளிச்சத்தில் இரண்டாகத் தெரியும். பல்பு அட்டையில் ‘சிஆர்ஐ’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 90-க்கு மேல் இருந்தால் நிறம் நிறமாகத் தெரியும்.

மூன்றாவது, மின்கட்டணம். வாட்ச் வைத்தால் கரன்ட் மிச்சம் என்று தம்பி சொல்லியிருப்பார். கணக்கைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தினம் 8 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். 9 வாட் எல்இடி என்றால் 4 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். மிச்சம் எல்லாம் இந்த இடத்திலேயே வந்துவிட்டது. வைஃபை கருவி, விளக்கு அணைந்திருக்கும்போதும் செய்திக்காகக் காத்திருக்கும். அதற்கு அரை வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் முக்கால் யூனிட் அதுவே சாப்பிடும். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்ந்ததால் உங்களுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆகவே, வசதிக்காகச் செய்யுங்கள். மிச்சத்துக்காக என்று நினைக்க வேண்டாம்.

இனி கிணற்று மேட்டுக்கு வருவோம்.

உங்கள் பயம் நியாயமானது. 2000 முதல் 2019 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வரப்பில் இருட்டில் நடந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையை மாற்ற முடியுமென்றால் மாற்றத்தான் வேண்டும்.

இதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால். மோட்டார் போடுவதற்காகத் தன் தாத்தா நேரங்கெட்ட நேரத்தில் வயலுக்கு நடந்த கஷ்டத்தைப் பார்த்து, ஸ்டார்ட்டரோடு ஒரு செல்போனை இணைத்து ‘நானோ கணேஷ்’ என்ற கருவியை உருவாக்கினார். நோக்கியா நிறுவனம் நடத்திய உலகப் போட்டியில் 2009-ல் அதற்குப் பரிசு கிடைத்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்று விற்கும் பெட்டிகள் எல்லாம் ஏறக்குறைய அதே வழியில் வேலை செய்பவைதான்.

அப்படியென்றால் தம்பியின் வாட்ச் மட்டும் ஏன் ஆகாது? வீட்டு வைஃபை, நடுவில் சுவர் இருந்தால் இருபது, முப்பது மீட்டர் தாண்டுவதே கஷ்டம். உங்கள் நிலம் வாலாஜாபாத்தில். அடுத்தது, அந்த ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு பேஸுக்கு ஏழு, எட்டு ஆம்பியர்தானே என்று கேட்பார். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்தில் அது ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், பிறகு எத்தனை முறை ‘ஆஃப்’ தொட்டாலும் மோட்டார் நிற்காது. அதனால்தான் முறையான கருவிகள் மோட்டாரை நேரடியாகத் தொடாமல், ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் இயக்குகின்றன.

இவை இரண்டும் கருவியின் குறை, சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. விளக்கைப் போடுகிறவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தவறாக எரிந்தால் அணைத்துவிடுவார். யாருக்கும் ஒன்றும் ஆகாது. மோட்டாரைத் தூரத்திலிருந்து போடுகிறவருக்கு கிணற்று மேட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தாத்தா ஃபுட்வால்வில் அடைத்த குப்பையை எடுக்கக் கிணற்றில் இறங்கியிருக்கலாம். ஒயர்மேன் ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து கை வைத்திருக்கலாம். பக்கத்து நிலத்துப் பிள்ளைகள் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் பிள்ளையார்பாளையத்தில் பேரன் பொத்தானைத் தொட்டால் என்ன ஆகும்? வாட்ச் இன்னும் மோசம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது தெரியாமல் கைபட்டாலே செய்தி போய்விடும்.

ஆகவே, எந்தக் கருவி போட்டாலும் உங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கிணற்றிலோ, மோட்டாரிலோ, கம்பியிலோ யார் கை வைத்தாலும், முதலில் மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். செல்போனில் ‘நான் இறங்கப்போகிறேன், போடாதே’ என்று சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. ஃபியூஸ் தாத்தாவின் பையில் இருக்கும்போது எந்த வாட்சாலும் மோட்டாரைக் கிளப்ப முடியாது. ‘இந்த மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்’ என்று ஒரு பலகையில் பெயின்டால் எழுதி மோட்டார் கொட்டகை வாசலில் மாட்டுங்கள்.

மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கும்போது கடைக்காரர் ஆப், கிராஃப் என்று ஏதேதோ காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்று கரன்ட்டை அளந்து பதில் சொல்லுமா? ‘ஆன் கட்டளை வந்தது’ என்பது பதில் இல்லை. ‘தண்ணீர் இழுக்கிறது, இத்தனை ஆம்பியர்’ என்பதுதான் பதில். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டாருக்குச் சுமை குறைந்து ஆம்பியர் சரியும். அதைக் கண்டு தானே நிறுத்துமா? ஒரு பேஸ் போய்விட்டால் நிறுத்துமா? இந்த இரண்டும் இல்லாமல், ஆளில்லா மோட்டார் சீக்கிரமே காயில் கட்டும் கடைக்குப் போகும். நேரக்கெடு வைக்க முடியுமா என்பதையும் கேளுங்கள். ஆன் செய்த பிறகு டவர் போய்விட்டால் உங்கள் ‘ஆஃப்’ போய்ச் சேராது. இரண்டு மணி நேரம் என்று முன்பே வைத்திருந்தால் பெட்டியே அணைத்துவிடும். பதிவு செய்த எண்களைத் தவிர வேறு எண்ணுக்குக் கட்டுப்படக் கூடாது. மின்சாரம் போய் வந்ததும் தானாகக் கிளம்பும் வசதி இருந்தால், அதை அணைத்து வையுங்கள் என்பதே என் யோசனை.

மானியம் வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கிறது. கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் கட்டுப்படுத்தும் கருவிக்கு சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மற்றும் பெண் விவசாயிகளுக்கு 50 சதவிகிதம், அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றரை ஏக்கர் என்பதால் நீங்கள் குறு விவசாயி. சிட்டா, ஆதார், சிறு-குறு விவசாயி சான்று, மின் இணைப்பு விவரம் எடுத்துக்கொண்டு உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு மாமனாரையே அனுப்புங்கள். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு வாங்குங்கள். வாங்கிவிட்டு பில்லோடு போய் நின்றால் கிடைக்காது.

தம்பிக்கு ஏமாற்றமாக இருக்குமே என்றால், அவருக்கும் வேலை வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி செல்போனுக்கு அனுப்பும் தகவலை வாட்சில் தெரியும்படி செய்யட்டும். மும்முனை வந்தது, மோட்டார் ஓடுகிறது, நின்றது ஆகியவை போதும். பார்ப்பதற்கு வாட்ச் நல்லது. ஓடவிடுவதைத் தாத்தாவே தன் சாதாரண போனில் செய்யட்டும்.

ஒன்று மட்டும். மடை உடைந்து தண்ணீர் பக்கத்து நிலத்துக்குப் போவதை எந்தப் பெட்டியும் சொல்லாது. நெல் போட்டிருந்தால், துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இந்தக் குழாயைப் பார்க்க ஒருவர் வயலுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால், அது காலை ஏழு மணிக்குப் போகும் வேலை.

கேள்வி: ‘‘மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டி, ஜியோ சிம் போட்டேன். மிஸ்டு கால் கொடுத்தால் எதுவும் நடக்கவில்லை. கருவி கெட்டுவிட்டதா?’’

- ஒரு வாசகர், உத்திரமேரூர்.

பதில்: கெட்டிருக்காது. விலை குறைந்த பெட்டிகள் பலவும் 2ஜி-யில் வேலை செய்பவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பெட்டி 4ஜி என்று எழுதியிருந்தால் ஒழிய, உங்கள் கிணற்று மேட்டில் 2ஜி சிக்னல் நன்றாக எடுக்கிற வேறு நிறுவனத்தின் சிம்மைப் போடுங்கள். அங்கேயே நின்று, உங்கள் போனில் அந்த சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்தபின் பெட்டியில் மாட்டுங்கள். சிம்முக்குப் பின் நம்பர் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்; நடவு முடிந்த வாரத்தில்தான் அது தீர்ந்து தொலைக்கும். ஏரியல் இரும்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தால் டவர் எடுக்காது. பெட்டியில் ஒரு துளை போட்டு, ஏரியலை வெளியே எடுத்து, மழை இறங்காதபடி துளையை அடைத்துவிடுங்கள்.