புதிய காரும் பழைய துண்டும்

 

இம்மாதம் என் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

என் மனைவியின் தம்பி பதினான்கு ஆண்டுகளாக ரியாத்தில் உழைத்து வருகிறார். சென்ற விடுமுறையில் ஊர் வந்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கருநீல நிறக் கார் ஒன்றை வாங்கினார். புறப்படும் நாளன்று சாவியை என் கையில் வைத்து, "மச்சான், வாப்பாவை மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துப் போக வண்டி வேண்டும். நான் திரும்பும் வரை இது உங்கள் பொறுப்பு" என்றார். பிறர் பொருள் நம் கைக்கு வந்தால் அது அமானிதம். அந்த எண்ணத்துடனேயே சாவியைப் பெற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் வீசும் காற்றில் மணலும் உப்பும் கலந்து வரும். விடிந்ததும் பார்த்தால் வண்டியின் மேல் மெல்லிய புழுதிப் படலம் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வந்தவுடன், பழைய துண்டு ஒன்றை எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்துத் துடைத்துவிடுவேன். தண்ணீரையும் வீணாக்கவில்லை, வண்டியையும் பளபளப்பாக வைத்திருக்கிறோம் என்று மனத்துக்குள் ஒரு நிறைவு. இப்படி மூன்று மாதங்கள் சென்றன.

ஒரு நாள் மாலை, கதவுப் பிடி தளர்ந்திருந்ததால் டிங்கரிங் பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அங்கே நெடுங்காலமாக வண்டிகளுக்கு வண்ணம் அடித்துவரும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இந்த வண்டியை யார் துடைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நான்தான். ஒரு நாளும் தவறுவதில்லை" என்றேன், சற்றுப் பெருமையுடன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கை விளக்கை எடுத்துப் பானெட்டின் மேல் சாய்வாகப் பிடித்தார். என் நெஞ்சு பதறியது. சிலந்தி வலை பின்னியதுபோல ஆயிரக்கணக்கான மெல்லிய வட்டக் கோடுகள்! "உங்கள் துண்டு வரைந்த கோலம் இது" என்றார் பெரியவர்.

அன்று அவர் விளக்கியவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கி முற்றத்தில் நிறுத்தியிருக்கும் இல்லங்கள் நம்மில் பல. என் தவறு பிறருக்குப் படிப்பினையாகட்டும்.

காரின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு. அதன் மேல் தகட்டைச் சமன் செய்யும் பூச்சு. அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு. இத்தனை அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நம் பிள்ளைகள் எழுதும் தாள் ஒன்றின் கனம்! மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு அதிலும் பாதிக்கும் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கிக்கொண்டு கீழே உள்ள நிறத்தைக் காப்பது அதுவே.

மணல் துகளோ அந்தப் பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. உலர்ந்த துணியால் புழுதியைத் துடைக்கும்போது துணியும் மணலும் சேர்ந்து உப்புத்தாளாக மாறிவிடுகின்றன. நாம் தூசியை நீக்குவதாக எண்ணிக்கொண்டு வண்ணத்தைச் சுரண்டுகிறோம். புழுதி படிந்த வண்டியின் மேல் உறையை இழுத்துப் போர்த்தினாலும், காற்றில் அந்த உறை அசைந்து அசைந்து இதே வேலையைச் செய்யும். ஆகவே முதல் விதி இது: புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் தொடாதீர்கள். துடைக்க நேரமில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். சும்மா கிடக்கும் புழுதி வண்ணத்தைக் கீறுவதில்லை. அதைத் தேய்க்கும் கைதான் கீறுகிறது.

கழுவும் முறையைச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்போ, அஸருக்குப் பிறகு நிழலிலோ கழுவ வேண்டும். சூடான தகட்டில் சோப்பு நுரை காய்ந்து கறையாகிவிடும். முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மணலை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காருக்கென்றே விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு நீரில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், அதை வெறும் நீரில் அலசி மணலை உதிர்த்துவிட்டு, மீண்டும் ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி. அந்தத் துணி வண்டியின் உடலில் படவே கூடாது.

துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் வேண்டாம். அவை அழுக்கோடு மெழுகுக் காப்பையும் அகற்றிவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பளபளப்பு சில நாள்தான். ரப்பர் பாகங்களுக்கு நேரும் கேடு நிலைத்துவிடும்.

நம் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்புச் சுவையுடையவை. அந்த நீர் வண்டியின் மேல் தானாகக் காய்ந்தால் வெண்புள்ளிகள் விழும். எனவே கடைசியில் ஒரு வாளி நல்ல நீரை ஊற்றி உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். மழை நீரைச் சேர்த்து வைத்திருந்தால் அது மிகச் சிறந்தது. ஏ.சி. பொருத்திய வீடுகளில் அதிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து வையுங்கள். அதில் உப்பு மிகக் குறைவு. கடற்காற்றின் உப்பு வண்டியின் அடிப்பகுதியிலும் படிகிறது. மேலே மட்டும் குளிப்பாட்டிவிட்டு அடியை மறந்துவிடாதீர்கள். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படும்.

வேப்ப மரத்து நிழலில் வண்டியை நிறுத்துவோர் பறவை எச்சத்தைக் கவனிக்க வேண்டும். அதில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் இளகிய பூச்சின் மேல் அது படிந்து காய்ந்தால், அழியாத வடு ஏற்பட்டுவிடும். ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடங்கள் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அள்ளி எடுக்க வேண்டும். கழுவும் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்து மெழுகு. காருக்கான மெழுகுகளில் புகழ்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அதை எடுக்கிறார்கள். வறண்ட வெயிலில் தன் ஈரம் வற்றிப்போகாதிருக்க அந்த மரம் தன் ஓலைமேல் போர்த்திக்கொள்ளும் போர்வை அது. 80 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அது உருகும். ஒரு மரத்தின் ஓலையைக் காக்க வல்ல ரஹ்மான் அளித்த அதே காப்பு, நம் வண்டிக்கும் உதவுகிறது. சுப்ஹானல்லாஹ்!

புதிய வண்டிக்குச் சில மாதங்கள் மெழுகு பூசக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. தொழிற்சாலையில் வண்ணத்தைச் சூட்டடுப்பில் சுட்டு உறுதியாக்கியே அனுப்புகிறார்கள். ஆதலால் வாங்கிய முதல் வாரத்திலேயே பூசலாம். பட்டறையில் மறுவண்ணம் அடித்த பகுதிக்கு மட்டுமே அந்த எச்சரிக்கை பொருந்தும். அந்தப் பூச்சு முழுமையாக உலரச் சில வாரங்கள் ஆகும். எத்தனை வாரம் என்பதை அடித்தவரிடமே கேளுங்கள்.

கழுவி உலர்த்திய பிறகு, நிழலில், மிக மெல்லியதாக மெழுகைப் பூச வேண்டும். அது வெளிறியதும் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். கண்ணாடியிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் மெழுகு இருக்கிறது. பரவி நின்றால் தீர்ந்துவிட்டது. நம் வெயிலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பூச வேண்டியிருக்கும்.

மெழுகும் பாலிஷும் வேறு வேறு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மெழுகு மேலே போர்த்துகிறது. பாலிஷ் மேற்பூச்சைச் சிறிது தேய்த்தெடுத்துக் கோடுகளை மறைக்கிறது. தாளில் தவறாக எழுதியதைச் சுரண்டி அழிப்பது போன்றது அது. ஒவ்வொரு முறையும் தாள் மெலிகிறது. புதிய வண்டிக்குப் பாலிஷ் தேவையே இல்லை.

இங்கே தண்ணீரைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக முடியாது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறோம். மோட்டார் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாது. கால் மணி நேரத்தில் நூற்றைம்பது லிட்டர், அதாவது பத்துக் குடம். வாளி முறையில் மூன்று, நான்கு குடத்தில் வேலை முடிந்துவிடும். 2019 ஜூலையில் சென்னையின் தாகத்தைத் தீர்க்க ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவுவதைத் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

அபராதத்துக்கு அஞ்சித்தான் நாம் திருந்த வேண்டுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்ததையும், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து 'முத்து' வரையிலான நீரில் குளித்ததையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அந்த ஹதீஸ் உள்ளது. இரு கைகளையும் கூட்டி அள்ளினால் கொள்ளும் அளவே ஒரு முத்து. நான்கு முத்து ஒரு ஸாஉ. வணக்கத்துக்கான நீரிலேயே இத்தனை சிக்கனம் என்றால், வாகனத்துக்கான நீரில் எத்தனை சிக்கனம் வேண்டும்! பக்கத்து வீட்டுப் பெண் குடத்துடன் காத்திருக்க, நம் வாசலில் நுரை ஓடுமானால் அந்த வண்டியின் பளபளப்பில் என்ன அழகு இருக்கிறது?

என் கதையை முடித்துவிடுகிறேன். அமானிதப் பொருளுக்குக் கவனக்குறைவால் சேதம் நேர்ந்தால் வைத்திருப்பவர் ஈடு செய்ய வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம் அது. பட்டறையிலிருந்து திரும்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கோடுகள் வெயிலில் பார்த்தால்தான் தெரியும். மைத்துனர் வர இன்னும் ஓராண்டு இருக்கிறது. தூசியால் வந்தது என்று சொல்லிவிடலாம் என்றெல்லாம் நஃப்ஸு ஊசலாடியது. மறுநாள் காலையில் ரியாதுக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொல்லி, பாலிஷ் செலவு என்னுடையது என்றேன்.

சிறிது நேரம் பதிலில்லை. பின், "மச்சான், பாலிஷ் போட்டால் பூச்சு மெலியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். கோடு இருந்துவிட்டுப் போகட்டும். மெழுகு மட்டும் பூசி வையுங்கள். வாப்பா எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அவருடைய குரலில் வருத்தம் இருந்ததை நான் உணராமலில்லை. இரண்டு வாளிகளையும், துணிகளையும், மெழுகு டப்பாவையும் என் பணத்தில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்கு முன், வெயில் ஏறாத நேரத்தில், என் மகனுடன் சேர்ந்து வண்டியைக் கழுவுகிறேன். அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. புதிதாக ஒரு கோடும் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் பொறுப்பில் வந்த பொருள்களை அன்போடு மட்டுமின்றி அறிவோடும் பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.