கடை உன்னுடையது, பாதை ஊருடையது



மளிகை மொத்த வியாபாரிக்கும் மாரத்தான் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அறுபதைத் தாண்டிய நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை. ஆனால் எங்கள் கடைக் கணக்குப்பிள்ளையின் மகன் ஓடுகிறான். ஆறு மாதமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அனுமந்தையிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகினான். பிறகு ஒரு பெருநகரத்தில் நடந்த அரை மாரத்தானுக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்து ஓடப் போனான்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, முன்னால் ஓடிய வாலிபர் ஒருவர் குச்சியில் மாட்டிய செல்போனைப் பார்த்துச் சிரித்தபடி நடுப்பாதையில் சட்டென்று நின்றுவிட்டார். மோதாமல் ஒதுங்கப் பார்த்த நம் பையன் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அந்த வாலிபர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் சமூக வலைதளப் பிரபலமாம்!

இது நம் நாட்டு வழக்கம் மட்டும்தானோ என்று விசாரித்தேன். இல்லை. 2024 நவம்பர் 3-ஆம் தேதி நியூயார்க் மாரத்தானில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தார்கள். அதில் மேட் சோய் என்ற வலைதளப் பிரபலம், மின்சார சைக்கிளில் படம் பிடிக்கும் ஆட்களைத் தம்மோடு பாதைக்குள்ளேயே அழைத்து வந்தார். மற்ற ஓட்டக்காரர்களுக்கு இடைஞ்சல். போட்டி நடத்துவோர் அவருடைய முடிவை ரத்து செய்து, இனி தங்கள் ஓட்டங்களுக்கு வரக்கூடாது என்றும் தடை விதித்தார்கள். அவரும் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவரோடு ஒப்பந்தம் வைத்திருந்த ஓட்டப் பயிற்சிச் செயலி நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

2017-இல் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் நடந்த அரை மாரத்தானில் வலைதள எழுத்தாளர் ஒருவர் குறுக்குவழியில் ஓடி இரண்டாம் இடம் பிடித்தார். ஓடவேண்டிய தூரம் 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவர் கைக்கடிகாரம் காட்டியதோ 19 கிலோமீட்டருக்கும் குறைவு. கடிகாரம் தெரியும் புகைப்படமே அவரைக் காட்டிக் கொடுத்தது.

செல்போன் வந்துதான் மனிதன் கெட்டான் என்று சொல்ல மாட்டேன். 1980-லேயே பாஸ்டன் மாரத்தானில் ரோசி ரூயிஸ் என்ற பெண் முழுத் தூரமும் ஓடாமல் முதலாவதாக வந்து நின்றார். சில நாட்களில் பட்டம் பறிக்கப்பட்டது. அன்று ஆசை ஒரு பதக்கத்தோடு நின்றது. இன்று ஒவ்வொரு லைக்கும் காசாகிறது. அதனால் ஆசைக்கு அளவில்லை.

நமக்குப் புரியும்படி சொல்கிறேன். முத்திரை ஆய்வாளர் முத்திரையிட்ட எடைக்கல் எல்லார் கடையிலும் ஒரே எடைதான். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரும் அப்படித்தான். நெஞ்சில் குத்தும் எண் அட்டை நமது உரிமம் மாதிரி. ஒருவர் பெயரில் வாங்கியதை மாட்டிக்கொண்டு இன்னொருவர் ஓடுவது ஏமாற்று மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஓடுகிறவர் மயங்கி விழுந்தால் மருத்துவர் கையில் இருப்பது வேறொருவர் விவரம்!

நானும் யோக்கியன் என்று மார்தட்டவில்லை. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகளைக் கடைக்கு வெளியே சாலை வரை அடுக்கியவன்தான். சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர், “தம்பி, கடை உன்னுது, பாதை ஊருது” என்றார். அன்று மாலையே மூட்டைகளை உள்ளே இழுத்தேன். ஓடுபாதையில் கேமரா விரிப்பவர்களுக்கும் அதே வார்த்தைதான் என் பதில். ஓரமாக நின்று படம் எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அவர்கள் படத்தைப் பார்த்து ஓட வந்த பிள்ளைகளும் உண்டு. நம் பையனே அப்படி வந்தவன்தான்.

எங்களுக்குத் தெற்கே ஆரோவில்லில் 2008 முதல் ஒரு மாரத்தான் நடக்கிறது. அங்கே பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. செம்மண் பாதையில் ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுகிறார்கள். எல்லா ஊரிலும் அப்படி நடத்த முடியாதுதான். ஆனாலும் வேடிக்கை காட்டாமலும் ஓடலாம் என்பதற்கு அது சாட்சி.

இனி நம் பங்கு. இந்தப் பிரபலங்களுக்குப் பின்னால் இருப்பது வணிகர் பணம். நம் இளைய வியாபாரிகளும் கடைத் திறப்புக்கும் புதுச் சரக்குக்கும் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். ஆனால் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்பவர்கள், ஆள் எப்படிப்பட்டவர் என்றும் கேட்க வேண்டும். காசு வாங்கிப் புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறி. பொய் விளம்பரத்துக்குப் புகழ்ந்து பேசியவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு.

உங்கள் ஊரில் ஓட்டம் நடத்த நன்கொடை கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். தண்ணீர், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் எல்லாம் கொடுங்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வையுங்கள்: படம் பிடிப்பவர்கள் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும். மீறுபவர் யாராக இருந்தாலும் பதக்கம் கிடையாது. பணம் கொடுப்பவன் சொன்னால் நடத்துபவர் கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளையின் மகன் முழங்காலில் ரத்தத்தோடு ஓடி முடித்தான். வீட்டுக்கு வந்து பதக்கத்தைத் தாயாரிடம் கொடுத்துவிட்டு மறுநாள் கடையில் மூட்டை எண்ண வந்துவிட்டான். அவனை யாரும் படம் எடுக்கவில்லை. நம் பணமும் கைதட்டலும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்.