கணனியும் நாமும்: பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு



இடம்பெயர்ந்த நாட்களில் எதை விட்டாலும் ஒரு சொப்பிங் பையை மட்டும் நாங்கள் விடவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. இன்று அவற்றில் பல ஸ்கேன் செய்யப்பட்டுக் கணனிக்குள் இருக்கின்றன. காணாமற்போன ஒருவரின் ஒரேயொரு படமும் சில வீடுகளில் அங்கேதான் இருக்கிறது.

தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்து குடும்பத்தைப் பார்க்கும் தங்கை ஒருத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, சுவிச்சைப் போட்டுட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் இது இன்னும் சுத்திக்கொண்டுதான் நிக்குது. புதுசு வாங்க வசதியில்லை" என்றாள். திருத்தும் கடையில் "போர்மட் அடிச்சுத் தாறம்" என்றார்களாம். அவளும் சம்மதிக்க இருந்தாள். போர்மட் செய்தால் தட்டில் இருப்பது அழியும் என்பதை அங்கே ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய தம்பியின் படங்கள் அதற்குள் இருந்தன.

கணனியில் பழுது இல்லை. உள்ளே இருந்த வன்தட்டுத்தான் பழையது. ஹாட் டிஸ்க் என்று நாம் சொல்லும் இதற்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. ஒரு சிறு முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகையில் சுழல்வது ஒன்றும் இல்லை. தகவல் சில்லுகளில் பதிகிறது, உடனே கிடைக்கிறது. ஆகவே தட்டை மட்டும் மாற்றினாலே பழைய கணனி சுறுசுறுப்பாகிவிடும்.

முதல் வேலையாகப் படங்களையும் ஆவணங்களையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். உங்கள் வன்தட்டு 'டக் டக்' என்று சத்தமிட்டால் இதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

பிறகு விண்டோஸ் உட்பட முழுவதையும் அப்படியே பிரதி செய்ய, குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். இங்கே ஒரு சிக்கல் வந்தது. பழைய தட்டு 500 ஜிபி. நாங்கள் வாங்கியது 480 ஜிபி. பழையதில் 180 ஜிபிதான் நிரம்பியிருந்தது, ஆனாலும் புதியது சிறியது என்று மென்பொருள் மறுத்துவிட்டது. மாற்றி 512 ஜிபி வாங்கினோம். வாங்க முன்னரே பார்த்திருக்கலாம், என் கவனயீனம்.

புதிய தட்டை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்ததும், எதிலிருந்து எதற்கு என்று மென்பொருள் கேட்கும். சகோதரிகளே, ஆபத்து இந்த இடத்தில்தான். மாற்றிக் கொடுத்தால் வெறும் தட்டு நிறைந்த தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். 500, 512 என்ற எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஆகவே தட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். நாங்கள் அதைக் கடதாசியில் எழுதி வைத்து, இருவரும் வாய்விட்டு வாசித்த பிறகே விசையை அழுத்தினோம்.

யு.எஸ்.பி. பழைய வகை என்பதால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இடையில் மின்சாரம் போனாலும் பயப்பட வேண்டாம். பழைய தட்டிலிருந்து வாசிப்பது மட்டுமே நடக்கிறது. மறுபடி தொடங்கலாம். ஒன்று, கணனியில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் பூட்டிக் கணனியை இயக்கினோம். கோப்புகளின் பெயர்களைப் பார்த்துத் திருப்திப்படாமல் படங்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திறந்தாள். தம்பியின் படத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

பழைய தட்டை அன்றே விற்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. யில் தவறுதலாக அழித்ததை மீட்பது பெரும்பாலும் கடினம். ஆகவே இரண்டாவது பிரதியாகப் பழையது இருக்கட்டும். அவளுடையதில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் இருந்தன. வேறு கைக்குப் போகக்கூடாதவை அவை. திகதி எழுதி ஒட்டி, துணியில் சுற்றி, ஈரம் படாத தகரப் பெட்டியில் காணி உறுதியோடு வைத்திருக்கிறாள்.